ஈ குரூப்பில் ஏசுபாதம்

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கத்துக்குப் போகும் அலுவலகப் பேருந்தில் காலை ஏழு மணிக்கு ஏறினால் எட்டே காலுக்கு இறங்கிவிடலாம். அந்த ஒன்றே கால் மணி நேரத்துக்குள் ஏசுபாதத்திடம் ஏதாவது ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்காத ஆள் அந்தப் பேருந்தில் கிடையாது. பஞ்சப்படி எப்போது ஏறும், தேர்தலில் தொகுதி யாருக்கு, நாளைக்கு லீவு விடுகிற அளவுக்கு மழை பெய்யுமா, பெண்ணுக்கு வந்திருக்கிற இடம் அமையுமா என்று வரிசையாகக் கேட்பார்கள். 'தெரியல' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, காரணத்தோடு பதில் சொல்வார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, சில சமயம் ஒரு தாளில் குறித்தும் கொள்வார்கள். தன் வார்த்தையைக் குறித்துக்கொள்கிறார்கள் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

பெருமைப்பட அவருக்கு நியாயம் இருந்தது. அவருடைய அப்பா புதுப்பட்டினத்துப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். ஏசுபாதம் ஐ.டி.ஐ. முடித்து, இருபத்து மூன்று வயதில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டிரேட்ஸ்மேனாகச் சேர்ந்து, ஐம்பத்தெட்டு வயதில் ஃபோர்மேனாக இருந்தார். அழுத்தம் காட்டும் கேஜ்களைச் சோதித்துச் சரிசெய்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. முப்பத்தைந்து வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கேஜ்கூடத் தப்புக் காட்டியதில்லை. கேஜ் விஷயத்தில் இவ்வளவு துல்லியமான மனிதரை மற்ற விஷயங்களிலும் ஊர் மதிக்கத்தானே செய்யும் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

கால்பந்து என்றால் கேட்கவே வேண்டாம். வாலிபத்தில் சர்ச் டீமில் பின்வரிசை ஆடியவர். உலகக் கோப்பை வந்தால் பேருந்து முழுக்க அவரைச் சுற்றித்தான். அவர் வழி நேரானது. போன தடவை கோப்பை வாங்கியவனுக்கு எப்படி வாங்குவது என்று தெரியும், தெரிந்தவன் திரும்ப வாங்குவான். அதன்படி 2002இல் பிரான்ஸ் என்றார். பிரான்ஸ் ஒரு கோல்கூடப் போடாமல் முதல் சுற்றிலேயே ஊர் திரும்பியது. 2010இல் இத்தாலி என்றார். இத்தாலி தன் குரூப்பில் கடைசி. 2014இல் ஸ்பெயின், 2018இல் ஜெர்மனி. இரண்டும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஸ்பெயின் வெளியேறிய அன்று டிராயிங் செக்ஷன் கேசவன் அவருக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிவந்து கொடுத்தார். மனசு விட்டுவிடக் கூடாது என்று ஆறுதலுக்குக் கொடுக்கிறாராக்கும் என்று நினைத்து, ஏசுபாதம் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி சாராளோடு சேர்ந்து சாப்பிட்டார்.

2022 நவம்பரில் கத்தாரில் உலகக் கோப்பை வந்தது. கல்பாக்கம் நகரியத்து ஊழியர் மனமகிழ் மன்றம் ஒரு போட்டி அறிவித்தது. எட்டு குரூப்புகள், எட்டு தடத்துப் பேருந்துகள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒவ்வொரு பேருந்துக்கும் ஒரு குரூப் கொடுத்தார்கள். அந்த குரூப்பில் முதலாவதாக எந்த நாடு வரும் என்று ஆளுக்கு ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஐந்து லிட்டர் குக்கர். செங்கல்பட்டுப் பேருந்துக்கு ஈ குரூப் விழுந்தது. ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், கோஸ்டா ரிகா.

"ஏசு சார், யாரு?" என்று கேசவன் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

ஏசுபாதம் கண்ணாடியைத் துடைத்தார். "ஜெர்மனிதான். போன வாட்டி மொத ரவுண்டுலயே போய்ட்டான் இல்ல? ஜெர்மனிக்காரன் ஒருவாட்டிதான் ஏமாறுவான். இந்த வாட்டி வெறி புடிச்சி வந்துகினு கீறான்."

"நிச்சயமா?"

"எழுதி வெச்சிக்கோ."

எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது அவர் பக்கத்தில் ஸ்வாதி உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன இன்ஜினீயர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். பயிற்சியில் கேஜ் சோதிப்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஏசுபாதம்தான். அவள் கையில் போட்டிச் சீட்டு இருந்தது. அதில் 'ஸ்பெயின்' என்று எழுதியிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, காலையில நான் ஜெர்மனின்னு சொன்னேனே, நீயும் கேட்டுகினுதானே இருந்த?"

"கேட்டேன் சார். அதனாலதான் ஸ்பெயின்" என்றாள் அவள், எந்தக் கபடமும் இல்லாமல்.

அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தபோது அவள் முகம் மாறியது. "ஐயோ, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்."

"இன்னா தெரியும்?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பேருந்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேசவன் காதில் பாட்டு. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவள் பாடம் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தாள். "ஒரு கேஜ் எப்பவும் ரெண்டு பாயின்ட் கூடவே காட்டுதுன்னா அதத் தூக்கிப் போட வேண்டாம், ரெண்டக் கழிச்சிட்டு யூஸ் பண்ணலாம்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஆமா. ஒரு நாளு மேல, ஒரு நாளு கீழ காட்டுது பாரு, அத்ததான் தூக்கிப் போடணும்."

"அதான் சார். நீங்க முதல் வகை. உங்கள எல்லாரும் ரொம்ப மதிக்கிறாங்க. நீங்க சொன்னத மட்டும் அடிச்சிட்டு, மத்ததுல இருந்து எடுத்துப்பாங்க. கேசவன் சார் போன எலெக்‌ஷன்ல அப்படித்தான் பந்தயம் ஜெயிச்சாராம். மழைக்குக்கூட... நீங்க மழை வராதுன்னு சொன்னா குடை எடுத்துட்டு வருவாங்க."

திருக்கழுக்குன்றம் வருவதற்குள் ஏசுபாதம் பழையதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அல்வா ஞாபகம் வந்தது. தாளில் குறித்துக்கொண்ட கைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. அவர் பொய் சொன்னதில்லை, யாரையும் ஏமாற்றியதில்லை, ஒவ்வொரு பதிலையும் யோசித்துத்தான் சொன்னார். அந்த யோசனைதான் அவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. அவர் யோசிக்காமல் சொல்லியிருந்தால் எப்போதாவது ஒன்று சரியாகிப்போய் எல்லாமே கெட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சாராளிடம் சொன்னார். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு அந்தப் பக்கம் சொந்த வீடு. சாராள் அங்கன்வாடி டீச்சர். நாளைக்குப் பிள்ளைகளுக்குக் காட்ட வண்ணத்தாளில் ஒரு வாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். நியாயமாகப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வாத்தின் கழுத்தை மட்டும் கவனமாக வெட்டினாள்.

"இன்னா சாரா, ஒண்ணும் சொல்ல மாட்ற?"

"இன்னா சொல்றது? அந்தப் பொண்ணு சொல்லாம இருந்திருக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனுக்குத் தெரியுமா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இந்த வூடு கட்டற மனையப் பாக்கப் போனோமே, நீ இன்னா சொன்ன? செங்கல்பட்டு ஒரு நாளும் மாவட்டம் ஆவாது, இங்க மன வாங்கினா ஏரித் தண்ணிதான் குடிக்கணும்னு சொன்ன. நான் மறுநாளே அட்வான்ஸ் குடுத்தேன். பொண்ணு சிநேகாவ கம்ப்யூட்டர் படிக்க வெக்காத, அது மொட்டு விட்டு வாடிரும்னு சொன்ன. இப்ப அவ சிறுசேரியில ஐ.டி. கம்பெனில கீறா. திருவிடந்தைப் பக்கம் கடல் காத்துல கம்பி துருப்புடிச்சிரும், எவனும் வூடு கட்ட மாட்டான்னு சொன்ன. தாவீதுகிட்ட சொல்லி ஒரு மன வாங்கிப் போடச் சொன்னேன். என் தம்பி இன்னிக்கும் உன்ன வாழ்த்தறான்."

"அப்ப, எல்லாத்துக்கும் எங்கிட்ட வந்து இன்னா செய்யலாம்னு கேப்பியே, அது?"

"கேக்காம எப்பிடி முடிவு பண்றது?" என்றாள் சாராள், உண்மையான ஆச்சரியத்தோடு. "நீ இல்லன்னா இந்தக் குடும்பம் ஏது?"

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள்தான் சீட்டுப் போடக் கடைசி நாள். பேருந்தில் ஏறியதும் கேசவன் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினார். "ஏசு சார், ஜெர்மனிதானே?"

இரவெல்லாம் ஏசுபாதம் கணக்குப் போட்டிருந்தார். ஜெர்மனி என்று சொன்னால் அதை அடித்துவிட்டு ஸ்பெயின் எழுதுவார்கள், திரும்பவும் அவர் யோசனையை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். ஸ்பெயின் என்று சொன்னால் அதை அடித்துவிட்டு ஜெர்மனி எழுதுவார்கள். ஜெர்மனிதான் ஜெயிக்கப்போகிறது, ஆகவே அப்போது இவர்களுக்கு குக்கரும் கிடைத்துவிடும். அடித்தும் பிரயோஜனப்படாத ஒரு பெயர் வேண்டும்.

"ஜப்பான்" என்றார்.

ஸ்வாதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஜப்பானா? நேத்து ஜெர்மனின்னீங்களே."

"நேத்து நேத்து. இன்னிக்கி ஜப்பான். முதல்ல வர்றது அவன்தான்." எல்லோரும் பார்க்கும்படி சீட்டை எடுத்து, பெரிய எழுத்தில் ஜப்பான் என்று எழுதி, மடித்துப் பெட்டியில் போட்டார். ஜப்பானை அடிப்பதற்காக யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அதை எழுதும் எண்ணம் யாருக்குமே இல்லை. நாற்பத்தோரு சீட்டில் முப்பத்தாறு ஸ்பெயின். நேற்று சொன்னதை இன்று அவரே கைவிட்டதால் ஜெர்மனிக்கு ஆபத்து நீங்கியது என்று கணித்த நான்கு பேர் ஜெர்மனி எழுதினார்கள். மிச்சம் ஒன்று அவருடையது.

புதன்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ஜெர்மனியும் ஜப்பானும் ஆடின. ஜெர்மனி பெனால்டியில் ஒரு கோல் போட்டதும் ஏசுபாதம் நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். சாராள் எட்டிப் பார்த்தாள். "நீ ஜப்பான்தானே எழுதின?" அவர் உட்கார்ந்துவிட்டார். கடைசிக் கால் மணி நேரத்தில் ஜப்பான் இரண்டு கோல் போட்டது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பேருந்தில் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. "ஒரு மேட்ச்தானே" என்று கேசவன் பொதுவாகச் சொல்லிக்கொண்டார். நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது, கோஸ்டா ரிகா ஜப்பானைத் தோற்கடித்தது. ஏசுபாதத்துக்கும் உயிர் வந்தது, பேருந்துக்கும் உயிர் வந்தது. திங்கட்கிழமை கேசவன் அவர் தோளில் கை போட்டார்.

ஜப்பானின் கடைசி ஆட்டம் டிசம்பர் ஒன்றாம் தேதி நடுநிசிக்கு மேல். எதிரே ஸ்பெயின், முதல் ஆட்டத்தில் ஏழு கோல் போட்டவர்கள். ஏசுபாதம் நிம்மதியாகத் தூங்கினார். வெள்ளிக்கிழமை காலை பேருந்தில் ஏறியபோது யாரும் வணக்கம் சொல்லவில்லை. கேசவனுக்குக் கண்கள் சிவந்திருந்தன. ராத்திரி முழுக்க டிவி முன்னால் இருந்திருக்கிறார்.

"ஜப்பான்" என்றார் கேசவன். "ரெண்டுக்கு ஒண்ணு. பந்து கோட்டத் தாண்டி வெளிய போயிடுச்சுன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம். மேலேருந்து பாத்தா ஒரு நூல் அளவு உள்ள இருக்காம். முதல் இடம் ஜப்பான், ரெண்டாவது ஸ்பெயின். ஜெர்மனி நாலு கோல் போட்டு ஜெயிச்சும் வெளிய."

"ஜெர்மனி வெளியவா?" அவர் குரல் உடைந்தது. அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"இப்படிச் செய்யலாமா ஏசு சார்? இருபது வருஷமா உங்கள நம்பினோம்."

"நான் சொன்னதுதானே நடந்திச்சி?"

"அதத்தான் சொல்றேன்" என்றார் கேசவன்.

ஸ்வாதி மட்டும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஏசுபாதம் யோசித்தார். ஒரு வார்த்தை போதும். 'நான் கடைசிவரை ஜெர்மனின்னுதான் நினைச்சேன்' என்றால் பேருந்து அவரைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொள்ளும். ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்னது நடந்திருக்கிறது. ஒரே ஒரு நாளாவது அப்படி இருந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மன்றத்தில் குக்கர் கொடுத்தார்கள். செயலாளர் மைக்கை நீட்டி, ஜப்பான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். ஏசுபாதம் கண்ணாடியைத் துடைத்தார். ஜப்பான்காரன் முதல் பாதியில் அடுத்தவனை ஓடவிட்டுக் களைக்கவைப்பதையும், உட்காரவைத்திருக்கும் ஆட்டக்காரர்களை இரண்டாம் பாதியில் இறக்குவதையும், பந்து கோட்டுக்குப் போனாலும் போகாததுபோல் துரத்தும் ஒழுக்கத்தையும் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். கை தட்டினார்கள். பேசி முடித்தபோது அவருக்கே அது ரொம்பச் சரியாகப் பட்டது. பக்கத்து வீட்டு எல்லப்பன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அன்று சாயங்காலம் குக்கரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, நீ பெரிய ஆளு. ஜப்பானையே சொல்ட்டியே" என்றான்.

அதற்குப் பிறகு பேருந்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. கடலில் புயல் உருவாகியிருந்தது. மாண்டஸ் என்று பேர். வானிலை அறிக்கை கரையைத் தொடும் இடமாக மகாபலிபுரம் பக்கத்தைச் சொல்லியது. வழக்கமாக இப்படி ஒரு சமாச்சாரம் வந்தால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கூட்டம் கூடும். இப்போது கேசவன் செல்போனில் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஸ்வாதி திருநெல்வேலிக்குப் போவதா இருப்பதா என்று தெரியாமல் டிக்கெட் எடுத்தாள், கேன்சல் செய்தாள்.

வீட்டிலும் அதே கதை. குக்கர் வந்ததிலிருந்து சாராள் அவரிடம் சாம்பாரா காரக்குழம்பா என்றுகூடக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். ஏசுபாதமும் லீவு போட்டிருந்தார். காலையிலிருந்து தூறல். சாராள் படிக்கட்டுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். மாடியில் தண்ணீர் டேங்க் மூடி ஆடிக்கொண்டிருக்கிறது, துணிக்கொடிக்கு மேலே ஒரு தகரச் சார்ப்பு இருக்கிறது. கயிற்றை எடுத்தாள், வைத்தாள். குடத்தில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தாள், மூடினாள். தாவீதுக்குப் போன் செய்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். முப்பது வருடத்தில் தன் மனைவி ஒரு முடிவெடுக்க முடியாமல் திணறி ஏசுபாதம் பார்த்ததில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

"சாரா, இங்க வா. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத."

வந்தாள்.

"நான் ஜெர்மனின்னுதான் நெனச்சிகினு இருந்தேன். வீம்புக்குத்தான் ஜப்பான்னு எழுதினேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "நெஜமாவா? கடசி வரைக்குமா?"

"கடசி வரைக்கும். அன்னிக்கி மேட்ச் பாக்காம தூங்கினேனே, அதுக்கு அதான் காரணம்."

சாராளின் முகம் தெளிந்தது. கல்யாணத்துக்கு அவள் சம்மதம் சொன்ன அன்றுகூட அவ்வளவு தெளிவாக இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள். "அப்ப, இந்தப் புயலு?"

ஏசுபாதம் கொஞ்சம் யோசித்தார். தன்னால் முடிந்த அளவு நேர்மையாக யோசித்தார். "இங்க வராது. இந்தப் பக்கம் வர்றாமாரி காட்டுவான், கடசியில ஆந்திராவுக்குப் போய்டுவான். நெல்லூருகிட்ட..."

அதற்குள் சாராள் கயிற்றோடு பாதிப் படி ஏறியிருந்தாள். "கடப்பாறைய எடுத்துகினு வா. அப்பிடியே எல்லாக் குடத்துலயும் தண்ணி புடி. செல்லெல்லாம் சார்ஜு போடு."

அவர் எடுத்துக்கொண்டு போனார். சார்ப்பைக் கட்டும்போது மாடியிலிருந்து சாராள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "எல்லப்பா, உன் ஷெட்டு தகரத்தக் கட்டிப் போடுப்பா, புயலு வருது!"

ஷெட்டு வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த எல்லப்பன் நிமிர்ந்தான். "வராதுக்கா. அண்ணாத்த காலையிலயே சொல்ட்டாரு, ஆந்திரான்னு. ஜப்பானையே சொன்ன ஆளு, பொய்யா சொல்வாரு?"

சாராள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார். ஏசுபாதம் முடிச்சைப் போடுவதில் மும்முரமாக இருந்தார். "கட்டிப் போட்டா ஒண்ணும் கெட்டுப்போவாது எல்லப்பா" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அது அவன் காதில் ஏறவில்லை.

அன்று ராத்திரி புயல் மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஏசுபாதம் வீட்டில் ஒரு தகரம்கூட நகரவில்லை. சனிக்கிழமை காலை வெளியே வந்தபோது தெருவில் முருங்கை மரங்கள் படுத்திருந்தன, கரண்டு இல்லை. எல்லப்பனின் ஷெட்டு நான்கு கம்பமாக நின்றது. மேலே இருந்த ஐந்து தகரமும் இல்லை. லோடு ஆட்டோ மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

ஏசுபாதம் அவனிடம் போய் நின்றார். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனார். ஆனால் "நானும் வரேன், தேடிப் பாக்கலாம்" என்றார்.

எல்லப்பன் டூவீலரை எடுத்தான். தெருமுனையில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பழைய மரியாதையோடுதான் கேட்டான். "எந்தப் பக்கம் போயிருக்கும் அண்ணாத்த?"

ஏசுபாதம் வானத்தைப் பார்த்தார், விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்தார். "சாயங்காலத்துலேருந்து காத்து வடக்கேருந்துதானே அடிச்சிது? தெக்கதான் போயிருக்கும்."

எல்லப்பன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் கூடிவந்ததுபோல் இருந்தது. வண்டியை வடக்கே திருப்பினான்.

ஏசுபாதம் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். இரண்டு தெரு தாண்டி, ஒரு காலி மனையில் மூன்று தகரம் கிடைத்தது.